அம்பாசிடருக்கு எந்த கேம்?

கேள்வி: என்னிடம் இருப்பது 1972 மாடல் மார்க் 2 அம்பாசிடர், அப்பா ஓட்டிய வண்டி. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை 40 தௌ ஓவர்சைஸ் போர் அடித்துப் புது பிஸ்டன் போட்டாயிற்று. ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனை 8.5-க்குக் கொண்டுவந்தோம். சோலெக்ஸைக் கழற்றிவிட்டு இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், மூன்று குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எல்லாம் மாட்டியாகிவிட்டது. அப்படியும் மேல் சுற்றில் வண்டி மூச்சுத் திணறுகிறது. டியூனிங் செய்பவர் 285 டிகிரி கேம் போட்டால் பறக்கும் என்கிறார். நண்பர் 270 போதும் என்கிறார். பழைய எம்.ஜி. காரின் கேமே நல்லது என்று இன்னொருவர். தினமும் ஊருக்குள் ஓட்டுவேன், மாதம் ஒருமுறை குடும்பத்தோடு கோத்தகிரி. எதை வாங்குவது?
— ஒரு வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: 285 வேண்டாம். எம்.ஜி. கேமை வாங்குங்கள். மனசு கேட்கவில்லை என்றால் 270 வரை போகலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் எஞ்சின் பி.எம்.சி. கம்பெனியின் பி சீரீஸ். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் ஓடியது, அம்பாசிடராக உத்தர்பாராவில் குடியேறியது. இதே 1489 சி.சி. எஞ்சின்தான் 1955-இல் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் போனது. குடும்பக் காரில் 50 குதிரைத்திறனை ஒட்டி நின்ற எஞ்சின், அங்கே 68-இல் தொடங்கி 72 வரை தந்தது. மாயம் ஒன்றுமில்லை. இரட்டை கார்புரேட்டர், 8.3 கம்ப்ரஷன், பெரிய வால்வுள்ள ஹெட், வேறு கேம், அவ்வளவுதான். இதில் பாதியை நீங்கள் செய்துவிட்டீர்கள். மிச்சம் கேமும் வால்வும்.

இனி கொஞ்சம் கணக்கு. உங்கள் எஞ்சினில் இப்போதுள்ள கேமில் இன்லெட் வால்வு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 5 டிகிரி முன்பே திறந்து, அடிமட்டம் தாண்டி 45 டிகிரியில் மூடும். மொத்தம் 230. எம்.ஜி. கேமில் 16-இல் திறந்து 56-இல் மூடும், மொத்தம் 252. இரண்டிலுமே முழு லிஃப்ட் வருவது உச்சிக்குப் பின் 110 டிகிரியில்தான். எக்ஸாஸ்டிலும் முழு லிஃப்ட் வரும் இடம் மாறவில்லை. நடுப்புள்ளியைத் தொடாமல் இரு பக்கமும் 11 டிகிரி நீட்டியிருக்கிறார்கள். எம்.ஜி. கேமை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், அது இதே எஞ்சினுக்கு அதைச் செய்தவர்களே அளந்து போட்ட நீட்சி என்பதுதான்.

மூடும் நேரத்தைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பிஸ்டன் அடிமட்டம் தொட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்லெட் திறந்தே இருக்கிறது. ஆர்.பி.எம். ஏறியிருந்தால், பாய்ந்து வரும் கலவை அந்த வேகத்திலேயே உள்ளே நிறையும். ஆர்.பி.எம். குறைவாக இருந்தால் அந்த வேகம் கிடையாது. ஏறிவரும் பிஸ்டன், கலவையை வந்த வழியே கார்புரேட்டர் பக்கம் தள்ளிவிடும். 285 டிகிரி கேம் என்றால் மூடும் புள்ளி 70 டிகிரியை ஒட்டிப் போய்விடும். ஹெட்டைச் சீவி நீங்கள் ஏற்றிய கம்ப்ரஷனைக் கீழ்ச்சுற்றில் இந்தக் கேம் திருப்பி வாங்கிக்கொள்ளும். கோத்தகிரி ரோட்டில் ஹேர்பின் வளைவில் செகண்ட் கியரில் நாலு பேரோடு 1,500 ஆர்.பி.எம்.மில் இழுக்கும்போதுதான் அது உங்களுக்கு உறைக்கும்.

பி சீரீஸுக்கே உரிய இன்னொரு தொல்லை உண்டு. இந்த ஹெட்டில் 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரே இன்லெட் துவாரம். 3, 4-க்கு இன்னொன்று. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. அதாவது 2 உறிஞ்சி முடிப்பதற்குள் 1 உறிஞ்சத் தொடங்கிவிடும், ஒரே இளநீரில் இரண்டு ஸ்ட்ரா போட்ட மாதிரி. இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் பழைய கேமில் 50 டிகிரி, எம்.ஜி.யில் 72, 285-இல் 105. நீளம் கூடக் கூட ஒன்றுக்குக் கலவை கெட்டியாகவும் மற்றதற்கு இளகியும் போகும். எஸ்.யூ. ஊசியை எத்தனை முறை மாற்றினாலும் ஐடிலிங் குலுங்குவது முழுசாக நிற்காது. நாலு தனித் துவாரம் உள்ள எஞ்சினுக்குச் சொல்லும் டிகிரியை இதற்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

கிராங்க் ஷாஃப்ட்டையும் மறக்காதீர்கள். உங்களுடையதில் மெயின் பேரிங் மூன்றுதான். எம்.ஜி.பி.க்கே 1964-இல் ஐந்தாக்கினார்கள். 285 கேம் தன் வித்தையைக் காட்ட எஞ்சின் 6,000 பக்கம் போக வேண்டும். பழைய மூன்று பேரிங் கிராங்க்கை அங்கே கொண்டுபோய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மேல் சுற்றில் மூச்சு வேண்டுமானால் அந்தக் காசில் பெரிய இன்லெட் வால்வு போட்டு, துவாரத்தைச் சீராக்குங்கள்.

டிகிரியை ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. ஒரு கம்பெனி வால்வு அசையத் தொடங்கும் இடத்திலிருந்து அளக்கும், இன்னொன்று 50 தௌ லிஃப்டிலிருந்து அளக்கும். ஒரே கேமுக்கு 40 டிகிரிக்கு மேல்கூட வித்தியாசம் வரும். எந்த அளவு என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

மாட்டுவதற்கு முன் மூன்று ஜர்னலையும் மைக்ரோமீட்டரால் அளந்து பிளாக்கோடு சரிபாருங்கள். உங்களிடம் இருப்பது மெக்கானிக்கல் ஃபியூயல் பம்ப் என்றால், புது ஷாஃப்ட்டில் அதைத் தட்டும் எக்சென்ட்ரிக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எலெக்ட்ரிக் பம்ப்தான். பழைய கேமை உருவ ரேடியேட்டர், டைமிங் கவர் மட்டும் கழற்றினால் போதாது. டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவும் ஆயில் பம்ப் டிரைவும் வெளியே வர வேண்டும். டைமிங் புள்ளிகளை மட்டும் நம்பாமல் டிகிரி வீலும் டயல் கேஜும் வைத்து முழு லிஃப்ட் எங்கே வருகிறது என்று பாருங்கள். எம்.ஜி. கேமுக்கு அது 110. நாலைந்து டிகிரி தள்ளி நின்றால் ஆஃப்செட் கீ போட்டுச் சரிசெய்யலாம்.

டேப்பெட் எட்டும் புதிது போடுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். நல்ல டேப்பெட்டின் அடிமுகம் தட்டையாகத் தெரியும், ஆனால் லேசாகக் குவிந்திருக்கும். இரண்டை முகத்தோடு முகம் வைத்து அழுத்தினால் கொஞ்சம் ஆட வேண்டும். அந்தக் குவிவுதான் டேப்பெட்டைச் சுழலவைக்கிறது. தேய்ந்த டேப்பெட் சுழலாது, புது லோபைச் சீக்கிரமே தின்றுவிடும்.

லோபில் மாலி பேஸ்ட் தடவுங்கள். ஸ்டார்ட் ஆனவுடன் 2,000-க்கு ஏற்றி, 2,500 வரை ஏற்றி இறக்கி, 20 நிமிடம் ஓடவிடுங்கள். அந்த நேரத்தில் ஐடிலிங்கில் விடவே கூடாது, ஏனென்றால் லோபுக்கு ஆயில் போவது கிராங்க் சிதறடிப்பதால்தான். ஆகவே தண்ணீர், டைமிங், பெட்ரோல் எல்லாம் முதல் தட்டலிலேயே எஞ்சின் பிடிக்கும்படி தயாராக இருக்கட்டும். புதுக் கார்களுக்கான 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயிலில் துத்தநாகச் சேர்மானம் குறைவு, இந்த டேப்பெட்டுக்குப் போதாது. 20டபிள்யூ-50 மினரல் ஆயிலோ, டீசல் வண்டிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40-யோ போதும்.

கேள்வி: பழைய கேமையே தேய்த்து பெர்ஃபார்மன்ஸ் கேம் ஆக்கித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். நம்பலாமா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: தேய்த்து இரும்பைக் கூட்ட முடியாது. லோபின் அடிவட்டத்தைக் குறைத்துத்தான் லிஃப்ட் கூட்டுவார்கள். அதிகம் குறைத்தால் கடினப்பட்ட மேல்தோல் போய்விடும், புஷ் ராடின் நீளமும் பொருந்தாது. மாஸ்டர் கேம் வைத்து கேம் கிரைண்டிங் மெஷினில் செய்பவர் என்றால் கொடுக்கலாம். சாதா லேத்தில் செய்பவர் என்றால் வேண்டாம். வேலை முடிந்ததும் லிஃப்ட், திறக்கும் டிகிரி, மூடும் டிகிரி மூன்றையும் எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். தயங்கினால் ஷாஃப்ட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இரண்டு பதில்களுமே பி சீரீஸ் பெட்ரோல் எஞ்சினுக்கு. பின்னாளில் வந்த 1.8 இசுசூ எஞ்சின் உள்ள அம்பாசிடரில் கேம் ஹெட்டிலேயே இருக்கிறது. அதன் கணக்கே வேறு. அந்த வண்டிக்காரர்கள் எஞ்சின் நம்பரோடு தனியாக எழுதுங்கள்.