மூளைக்காய்ச்சல் குணமாயிடுச்சா? ஃபைலைப் பரண்ல போடாதே!

வைரஸ் காய்ச்சல் வந்த பிள்ளைக்கெல்லாம் பின்னாடி வலிப்பு வரும்னு எவரோ சொன்னதைக் கேட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்காதே, தங்கச்சி. மூணு நாள் அடிச்சுட்டுப் போற வைரல் ஃபீவர் வேற. வைரஸ் மூளைக்குள்ளயே புகுந்து வீங்க வைக்கிற மூளைக்காய்ச்சல் வேற. ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் எல்லாம் ரெண்டாவது வகை. அதுல மூளை ஆறினாலும் தழும்பு நிக்கலாம். பின்னாளில் வலிப்பு கிளம்புறது அங்கேருந்துதான். உங்க வீட்டுல யாருக்காவது அது வந்திருந்தா, மேல படி.

1. டிஸ்சார்ஜ் அன்னிக்கே ஒரு கேள்வி கேளு: "ஆஸ்பத்திரியில இருந்தப்ப வலிப்பு வந்துச்சா?" பதில் சம்மரியில எழுதியிருக்கான்னும் பாரு. அமெரிக்காவுல ராச்செஸ்டர் ஊர் நோயாளிகளை வருஷக்கணக்காப் பார்த்து 1988ல வெளியிட்ட ஆய்வு இது: வைரஸ் மூளைக்காய்ச்சல் நேரத்துலயே வலிப்பு வந்தவங்கள்ல, 20 வருஷத்துக்குள்ள 100க்கு 22 பேருக்குக் காய்ச்சல் இல்லாமலே வலிப்பு வந்திருக்கு. அப்போ வலிப்பு வராதவங்கள்ல 10 பேருக்கு. அதாவது பெரும்பாலானவங்களுக்கு வரலை, அதையும் மனசுல வச்சுக்கோ. மூளையோட உறையை மட்டும் தாக்குற வைரஸ் மெனிஞ்சைட்டிஸ்ல இந்த ஆபத்து மத்தவங்களை விட அதிகமா இல்லை.

2. முதல் 5 வருஷம் ஒரு கண்ணு இருக்கட்டும். ஆபத்து அப்பதான் அதிகம். அதுக்கப்புறம் குறையுமே தவிர, போயிடாது. ஃபைல் பத்திரம்.

3. கீழே விழுந்து கைகால் இழுத்தாத்தான் வலிப்புன்னு நினைக்கிறியா? எல்லாரும் கோட்டை விடுற இடமே இதுதான். சாப்பிட்டுட்டு இருக்கிற ஆளுக்குக் கை பாதியில நிக்கும். பார்வை எங்கேயோ நிலைகுத்தும். வாய் சும்மாவே சப்புக்கொட்டும், விரல் சட்டைப் பட்டனை நிமிண்டிக்கிட்டே இருக்கும். கூப்பிட்டா பதில் இருக்காது. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தெளிஞ்சு, "என்ன ஆச்சு?"ன்னு உன்னையே கேட்பாங்க. சிலருக்கு அதுக்கு முன்னாடி இல்லாத கருகல் வாசனை அடிக்கும், வயித்துலேருந்து ஏதோ மேல ஏறும். இதுவும் வலிப்புதான். பள்ளிக்கூடத்துல இதுக்குக் 'கவனமில்லை'ன்னு பேரு, வீட்டுல 'காத்துக் கருப்பு'ன்னு பேரு. மந்திரிக்க ஓடாதே. போனை எடுத்து வீடியோ பிடி. டாக்டர் எதிர்ல வலிப்பு வரணும்னு இல்லையே! அந்த வீடியோ பத்து கேள்விக்குப் பதில் சொல்லும். ஈ.ஈ.ஜி. டெஸ்ட் நார்மல்னு வந்ததும் "ஒண்ணுமில்லை"ன்னு முடிவு கட்டிடாதே. வலிப்பு இருக்கிறவங்களுக்கும் அது நார்மலா வரும்.

4. வலிப்பு வந்துட்டா, கையில திணிக்கச் சாவிக்கொத்தைத் தேடாதே. வலிப்பு பெரும்பாலும் தானாவே நிக்கும். பேரைச் சாவி வாங்கிக்கும், அவ்வளவுதான்.
• வாயில ஸ்பூன், துணி, தண்ணி, எதுவும் கூடாது. பல் உடையும், புரை ஏறும்.
• கைகாலை அமுக்கிப் பிடிக்காதே.
• பக்கத்துல இருக்கிற கூர்மையான சாமானை நகர்த்து, ஒருக்களிச்சுப் படுக்க வை.
• கடிகாரத்தைப் பாரு. 5 நிமிஷம் தாண்டினாலோ, தெளியாமலே அடுத்தது வந்தாலோ உடனே 108.

5. டாக்டர் குடுத்த வலிப்பு மாத்திரையை நீயா நிறுத்தாதே. "ஆறு மாசமா வரலையே"ன்னு நிறுத்துற வீடு உண்டு. திடீர்னு நிறுத்தினா நிக்காத வலிப்பா வரலாம். கடைசி அட்டையைப் பிரிச்ச அன்னிக்கே புது அட்டை வாங்கு. கல்யாண வயசுப் பொண்ணு வால்ப்ரோயேட்ங்கிற வலிப்பு மாத்திரை சாப்பிட்டா, கர்ப்பத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசு. வயித்துல வளர்ற குழந்தையை அது பாதிக்கலாம்.

6. கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் வண்டி, கிணறு, தனியா நீச்சல் வேண்டாம். பாத்ரூமுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாம். ராத்திரி கண்விழிக்கிறதும் ஒரு முக்கியமான எதிரி. சீரியல், மொபைல், எல்லாத்தையும் பத்து மணிக்கு மூடு.

7. மூளைக்காய்ச்சலே வராம தடுக்க முடியுமா? ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு முடியும். இந்தியாவுல அது முதல்ல தெரிய வந்ததே நம்ம வேலூர்ப் பக்கம்தான், 1955ல. நெல்வயல் தண்ணியில பெருகுற க்யூலெக்ஸ் கொசு பரப்புது. பாதிப்புள்ள மாவட்டங்கள்ல குழந்தைக்கு 9 மாசத்துல ஒண்ணு, 16லேருந்து 24 மாசத்துக்குள்ள ஒண்ணுன்னு தடுப்பூசி அரசே இலவசமாப் போடுது. ரெண்டாவது ஊசியை மறந்துடாதே.

ஹெர்பிஸுக்குத் தடுப்பூசி கிடையாது, ஆனா அசைக்ளோவிர்னு மருந்து இருக்கு. சீக்கிரம் ஏத்த ஏத்தத்தான் மூளை பிழைக்கும். அதனால காய்ச்சலோட உளறல், ஆள் தெரியாத குழப்பம், எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, இதுல எது வந்தாலும் கஷாயம் வச்சுக்கிட்டு உட்காராதே. அந்த நேரத்துலயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.