விளையாடுவது மகன் மட்டுமா?

கைப்பேசி விளையாட்டு என்ற பேச்செடுத்ததும் வீட்டில் எல்லார் கண்ணும் பையன் மேலேயே போகிறது. பெற்றோரே, தீர்ப்புச் சொல்லுமுன் கணக்கையும் பார்ப்பது நியாயமன்றோ?

அமெரிக்காவில் பியூ ஆராய்ச்சி நிலையம் 2023-ம் ஆண்டு 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களை விசாரித்தது. வீடியோ விளையாட்டு ஆடுகிறவர்கள் பையன்களில் நூற்றுக்கு 97 பேர், பெண்பிள்ளைகளில் 73 பேர். தினந்தோறும் ஆடுகிறவர்களோ முறையே 61, 22. இத்துடன் நிறுத்தினால் பழி முழுவதும் பையன் தலையில்தான் விழும். ஆனால் அந்நாட்டில் ஆடுகிற எல்லாரையும் சேர்த்தால் சராசரி வயது 36 என்று அத்தொழிலின் சங்கமே 2024-ல் வெளியிட்டது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள். அது அப்பா அம்மாவின் வயதல்லவா!

ஆடும் விளையாட்டுத்தான் வேறு. குவாண்டிக் பவுண்ட்ரி என்னும் நிறுவனம் 2017-ல் வெளியிட்ட கணக்கில், ஒரே மாதிரியான காய்கள் மூன்றைச் சேர்க்கும் விளையாட்டை விரும்புவோரில் நூற்றுக்கு 69 பேர் பெண்கள். துப்பாக்கி ஏந்திச் சுடும் விளையாட்டிலோ 7 பேரே.

இந்த வித்தியாசம் வீட்டுச் சண்டையில் தெரியும். பப்ஜி வகை விளையாட்டில் 100 பேர் வரை களத்தில் இறங்குவார்கள். ஓர் ஆட்டம் சுமார் அரை மணி நேரம் ஓடும். இடையில் நிறுத்தி வைக்க வழியில்லை. நால்வர் அணியில் இறங்கிய பையன் சாப்பாட்டுக்கு அழைத்ததும் எழுந்தால், மற்ற மூவரையும் கைவிட்டவனாகிறான். அவன் "இதோ வந்துவிட்டேன்" என்பது எப்போதும் சாக்கல்ல.

அம்மாவின் கேண்டி கிரஷ் வேறு தினுசு. ஐந்து உயிர் தரும். தோற்றால் ஓர் உயிர் போகும். அரை மணிக்கு ஒன்றாகத் திரும்பி வரும். உலை கொதிக்கும் வரைக்கும் என்று எடுத்தவரை அது மாலைக்குள் பத்துத் தடவை கூப்பிடும். (இதை எழுதுகிறவனும் அந்த அழைப்புக்குச் செவிகொடுத்தவனே.) பையன் ஒரே மூச்சில் செலவழிக்கும் நேரம் கண்ணில் படுகிறது, நாம் சில்லறையாய்ச் செலவழிப்பது படுவதில்லை.

இதை வியாதி என்று சொல்ல அவசரப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறும் உண்டு. ஆனால் அடக்க முடியாமை, மற்ற அலுவல்களை விட்டுவிடுதல், தீங்கு கண்டும் தொடர்தல் ஆகியவை சாதாரணமாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும்.

ஆகவே பையனிடம் "எத்தனை மணி நேரம்?" என்று கேட்குமுன், "ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம்?" என்று கேளுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே, "இனிப் புது ஆட்டம் தொடங்காதே" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் அவன் கைப்பேசியோடு உங்களுடையதும் அலமாரிக்குப் போகட்டும்.