‘யூஸ்டு டு’: வியாபாரிகளுக்கு ஓர் ஆங்கிலப் பாடம்



நாம் ஆங்கில வித்துவான் அல்ல. மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும்தான் நம்முடைய படிப்பு. மிச்சமெல்லாம் பெட்டியடியில் உட்கார்ந்து கற்றது. அப்படிப்பட்ட நாம் பாடம் சொல்ல முன்வருவதற்குக் காரணம், ஒரு சிறு ஆங்கிலச் சொற்றொடர் நம் கடையின் நாணயத்தையே சந்தேகத்துக்கு உள்ளாக்கியதுதான். நமக்கு நேர்ந்தது பிறருக்கு நேர வேண்டாம் என்று இதை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் கடனுக்குச் சரக்கு எடுக்கும் மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்குப் பார்க்கும் குமாஸ்தா மாறினார். புதிதாக வந்தவர், பாக்கியை எந்தத் தேதியில் செலுத்துகிறீர்கள் என்று எழுத்து மூலம் கேட்டிருந்தார். ‘மாதந்தோறும் பத்தாம் தேதி செலுத்துவது வழக்கம்’ என்று மனத்தில் தமிழில் எண்ணிக்கொண்டு, ‘வீ யூஸ்டு டு பே ஆன் தி டென்த் ஆஃப் எவ்ரி மன்த்’ என்று நாமே ஆங்கிலத்தில் பதில் எழுதினோம். எழுதி முடித்ததும் சிறிது பெருமைகூட உண்டாயிற்று.

அந்த வாரம் லாரி வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. தோட்டத்தில் சம்பளம் போட்டிருந்த நேரம். அரிசியும் மாவும் கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. கடைசியில் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு, தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் போனோம். அவர் ஒருமுறை வாசித்துவிட்டு, “பாய், முன்பெல்லாம் பத்தாம் தேதி கட்டிக்கொண்டிருந்தோம், இப்போது கட்டுவதில்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்களே!” என்றார். ‘வீ யூஷுவலி பே ஆன் தி டென்த்’ என்று திருத்திய கடிதம் போன பிறகே சரக்கு வந்தது. குமாஸ்தாவின் மேல் குற்றமில்லை. நாம் எழுதியதைத்தான் அவர் நம்பினார்.

பிழை எங்கிருந்து வந்தது?

தமிழில் ‘கங்காணி தினமும் கடைக்கு வருவார்’ என்று இன்றைய வழக்கத்தைச் சொல்கிறோம். ‘அந்தக் காலத்தில் கங்காணி தினமும் கடைக்கு வருவார்’ என்று பழைய வழக்கத்தையும் சொல்கிறோம். இரண்டிலும் ‘வருவார்’ என்ற ஒரே வினைதான். மலாயில் ‘பியாசா’ என்ற சொல்லும் இப்படியே காலம் காட்டாது. ஆகவே வழக்கம் என்றதும் நம் நாவில் ‘யூஸ்டு டு’ வந்து விழுந்துவிடுகிறது. தமிழர் மட்டுமல்ல, மலாய்க்காரரும் சீனரும்கூட இந்நாட்டில் இப்படிப் பேசுவதுண்டு. சில நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலேயரே இச்சொல்லை நிகழ்கால வழக்கத்துக்கும் உபயோகித்தார்கள். பின்பு அந்த உபயோகம் ஒழிந்தது. இன்று கடிதத்தைப் படிப்பவர் இறந்தகாலம் என்றே அர்த்தம் கொள்வார்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ‘யஃப்அலு’ என்றால் செய்கிறான். அதற்கு முன் ‘கான’ சேர்ந்து ‘கான யஃப்அலு’ என்று வந்தால், செய்துவந்தான் என்று காலம் பின்னுக்குப் போய்விடும். ‘யூஸ்டு டு’வுக்குள் அந்தக் ‘கான’ அடங்கியிருக்கிறது என்று நினைவில் வைத்தால் போதும்.

மூன்று வகை

முதலாவது, ‘யூஸ்டு டு’வும் அதன் பின் வெறும் வினையும். முன்பு நடந்து இப்போது நின்றுபோன வழக்கத்தை இது சொல்லும். ‘வீ யூஸ்டு டு கிவ் கிரெடிட்’ என்றால், முன்பு கடன் கொடுத்துவந்தோம், இப்போது கொடுப்பதில்லை என்று பொருள்.

இரண்டாவது, அதற்கு முன் ‘ஆம்’, ‘ஈஸ்’, ‘ஆர்’ என்ற சொற்களில் ஒன்று வருவது. அப்போது பழகிப்போனது என்று பொருள் மாறும். பின்னால் பெயர்ச்சொல் வரவேண்டும். வினை வந்தால் அது ‘இங்’ என்று முடியவேண்டும். ‘வீ ஆர் யூஸ்டு டு கிவிங் கிரெடிட்’ என்றால், கடன் கொடுத்துக் கொடுத்துப் பழகிவிட்டோம் என்று பொருள். பாருங்கள், ஒரு ‘ஆர்’, ஒரு ‘இங்’, அவ்வளவுதான் வித்தியாசம். முதல் வாக்கியம் கடனுக்குக் கதவைச் சாத்துகிறது. இரண்டாவது திறந்து வைக்கிறது!

மூன்றாவது, இன்றும் நடக்கும் வழக்கம். இதற்கு ‘யூஸ்டு’ வேண்டவே வேண்டாம். ‘வீ பே’ என்று நிகழ்கால வினை போதும். ‘யூஷுவலி’ என்ற சொல்லைச் சேர்த்தால் இன்னும் தெளிவு.

உச்சரிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. இம்முதலிரண்டு வகைகளிலும் ‘யூஸ்டு’வின் நடு எழுத்து ஸீனின் ஓசை பெறும். ‘வீ யூஸ்டு டூ பேக்ஸ்’, அதாவது இரண்டு மூட்டைகளை உபயோகித்தோம் என்னும்போது, அரபி அரிச்சுவடியில் ஸீனுக்கு முன் வரும் எழுத்தின் ஓசை பெறும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும், காதுக்கு வேறு.

நம் ஊரிலிருந்து உதாரணங்கள்

நம் ஊரே இந்தப் பாடத்துக்கு நல்ல புத்தகம். பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர் 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றப்பட்டது. ஆகவே ‘பெஸ்தாரி ஜெயா யூஸ்டு டு பீ கால்டு பத்தாங் பெர்ஜுந்தை’ என்பது சரியான ஆங்கிலம். 1784இல் டச்சுக்காரர் கோலசிலாங்கூர்க் கோட்டையைத் தாக்கிப் பிடித்த காலத்தில், சிலாங்கூர் சுல்தானின் இருப்பிடம் இந்த ஊர்தான். இன்று அப்படி இல்லை. ஆகையால் ‘தி சுல்தான் யூஸ்டு டு லிவ் இன் கோலசிலாங்கூர்’ என்று எழுதலாம். பால்மரம் நின்ற பல தோட்டங்களில் இப்போது செம்பனை நிற்கிறது. ‘தே யூஸ்டு டு க்ரோ ரப்பர் ஹியர்’ என்று ஒரு வாக்கியம் எழுதினால் நம் பெரியவர்களின் பாதி வாழ்க்கை அதில் வந்துவிடும்.

ஆனால் ஒரு தடவை நடந்து முடிந்த காரியத்துக்கு இச்சொல் ஆகாது. ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார்; இந்நாட்டில் வியாபாரத்துக்காகச் செம்பனை நடப்பட்டது அதுவே முதல் முறை. இதை ‘ஹீ யூஸ்டு டு பிளான்ட் இன் 1917’ என்று எழுதினால் தவறு. ‘ஹீ பிளான்டட்’ என்பதே சரி. அதுபோலவே ‘நேற்று சரக்கு அனுப்பினோம்’ என்பதற்கும், ‘பத்து வருஷம் வியாபாரம் செய்தோம்’ என்று அளவு காட்டும் வாக்கியத்துக்கும் ‘யூஸ்டு டு’ சேராது.

ஒரு சுலபமான சோதனை

எழுத நினைக்கும் வாக்கியத்தை மலாயில் சொல்லிப் பாருங்கள். ‘முன்பெல்லாம்’ என்ற அர்த்தத்தில் ‘டூலு’ என்று அதைத் தொடங்க முடியுமா? முடியுமானால் ‘யூஸ்டு டு’ போடலாம். ‘டூலு’ பொருந்தாவிட்டால் பேனாவை நிறுத்துங்கள். நாமும் அன்று ‘டூலு’ சொல்லிப் பார்த்திருந்தால் இரண்டு வார வியாபாரம் போயிருக்காது.

பயிற்சி

கீழ்வரும் நான்கையும் விடையை மறைத்துக்கொண்டு முயன்று பாருங்கள். கடையில் உதவிக்கு இருக்கும் பிள்ளைகளிடமும் கேளுங்கள்.

1. காலை 6 மணிக்குக் கடை திறப்பது வழக்கம்.
2. முன்பு மண்ணெண்ணெய் விற்றோம், இப்போது விற்பதில்லை.
3. காத்திருப்பது நமக்குப் பழகிவிட்டது.
4. நேற்று ஐந்து மூட்டை அனுப்பினோம்.

விடைகள்: 1. வீ யூஷுவலி ஓப்பன் அட் சிக்ஸ். 2. வீ யூஸ்டு டு செல் கெரசின். 3. வீ ஆர் யூஸ்டு டு வெயிட்டிங். 4. வீ சென்ட் ஃபைவ் பேக்ஸ் யெஸ்டர்டே.

இந்நாளில் தபால் குறைந்து, ஆர்டரும் பதிலும் கைப்பேசியிலேயே போகின்றன. அவசரம் அதிகமானதால் பிழையும் அதிகம். கடனுக்குச் சரக்கு கொடுப்பவர் நம் முகத்தைப் பார்த்திராமல் இருக்கலாம். அவர் காண்பது நம் எழுத்தை மட்டுமே. வியாபாரியின் சொல் ஓர் அமானிதம். நாம் ஒழுங்காகப் பணம் கட்டிவந்தும், கட்டுவதை நிறுத்திவிட்டதாக நம் கையாலேயே எழுதிக்கொடுப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் அநியாயம் அல்லவா? அனுப்புமுன் ‘இது இன்றும் நடக்கிறதா, நின்றுபோனதா?’ என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ளுங்கள்.