போர்டுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று: தடித்த சாய்வெழுத்தைத் தேர்வது எப்படி

தடித்த சாய்வெழுத்து, அதிலும் நுனிக் கொடுக்குகள் இல்லாத சான்ஸ் செரிஃப் வகை, பத்தி பத்தியாகப் படிப்பதற்கானதல்ல. ஓடும் வண்டியிலிருந்து பார்த்தாலும் கண்ணில் படுவதற்கானது. தடிமன் கனத்தைக் காட்டும், சாய்வு வேகத்தைக் காட்டும். பெங்களூரின் பீன்யா போன்ற தொழிற்பேட்டையில் முதலில் கேட்க வேண்டியது, விற்கும் பொருளுக்கு வேகம் தேவையா என்பதுதான். டெம்போ சர்வீஸ், கூரியர், டயர் கடைக்குச் சாய்வு பொருந்தும். லேத் பட்டறைக்கும் கேஜ் செய்பவருக்கும் தடிமன் மட்டும் போதும். துல்லியத்தை விற்பவரின் பெயர் சாய்ந்து நிற்பது அவ்வளவு நன்றாக இல்லை.

ஆங்கிலப் பெயருக்கு வழக்கமாக இரண்டு தேர்வுகள். பால் ரென்னர் வடித்து 1927இல் வெளிவந்த ஃபியூச்சராவின் வழிவந்த ஒடுங்கிய தடித்த சாய்வு ஒன்று. நைக்கி நிறுவனத்தின் பெயரால் உலகமே பார்த்துப் பழகியது. 1957இல் பிறந்த ஹெல்வெடிகாவின் தடித்த சாய்வு மற்றொன்று. நீளமான கம்பெனிப் பெயரைக் குறுகிய ஷட்டருக்கு மேல் அடக்க முன்னது உதவும். ஆனால் சிறிதாக்கினால் உள்வெளிகள் அடைபடும், வினைல் கட்டிங்கில் மெல்லிய இடைவெளிகளை உரித்தெடுப்பதும் சிரமம். விசிட்டிங் கார்டுக்கு ஹெல்வெடிகாவே மேல்.

கர்நாடகத்தில் 2024ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தப்படி பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கன்னடத்திலும் தமிழிலும் சாய்வு வடிவத்தோடு வரும் எழுத்துருக்கள் அரிது. ஃப்ளெக்ஸ் கடையில் கணினி நிமிர்ந்த எழுத்தை அப்படியே சரித்துவிடும். சரிக்கும்போது அடிக்கோட்டுக்கு மேலே இருப்பது வலப்பக்கமும் கீழே இருப்பது இடப்பக்கமும் நகரும். ‘பீன்யா’ என்ற சொல்லையே பாருங்கள்: பீயின் சுழி ‘ன்’ மீது கவியும், ன்-இன் புள்ளி ‘யா’ பக்கம் ஒதுங்கும். அதே பெயரைக் கன்னடத்தில் எழுதினால், ணகரத்தின் அடியில் வரும் யகர ஒத்து, அதாவது கீழே ஒட்டி நிற்கும் துணையெழுத்து, இடப்பக்கம் சறுக்கும். தடிமனும் சேர்ந்தால் இவை ஒன்றோடொன்று முட்டும். சரித்தே தீர வேண்டுமென்றால் சாய்வைக் குறைத்து, புள்ளியையும் ஒத்தையும் கையால் இடம் மாற்ற வேண்டும்.

அதைவிட நல்ல வழி, ஆங்கிலப் பெயரை மட்டும் சாய்த்துவிட்டு மற்றவற்றை நிமிர்த்தியே வைப்பது. ஏக் டைப் என்ற எழுத்துருக் குழு வெளியிட்ட அனேக் எழுத்துருக் குடும்பத்தில் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே கனத்தில் உண்டு. அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம், கட்டணமும் இல்லை. போர்டுக்கு முதல் தேர்வு அதுவே. அதே குழுவின் பலூ தம்மா, பலூ தம்பி இரண்டும் கொழுகொழுவென்றிருக்கும். பேக்கரிக்கும் மெஸ்ஸுக்கும் அழகு, ஹைட்ராலிக் பிரஸ் செய்பவருக்குப் பொருந்தாது. தாரிக் அஸீஸ் வடித்த கவிவாணர் பிறப்பிலேயே சாய்ந்த தமிழ் எழுத்து. ஆனால் அது பேனா ஓட்டத்தின் மென்மை கொண்டது. அழைப்பிதழுக்கு ஏற்றது, ஆலைச் சுவருக்கு அல்ல.

எழுத்து எதில் அமைகிறது என்பதும் அதன் வடிவத்தை முடிவு செய்யும். எல்இடி எழுத்துகளுக்குத் தடித்த வடிவமே வசதி, உள்ளே விளக்குகளுக்கு இடம் கிடைக்கும். மரப்பெட்டியில் பெயின்ட் அடிக்க லேசரில் தகடு வெட்டினால் ‘ம’, ‘8’ போன்றவற்றின் உள்துண்டுகள் கழன்று விழும். அவற்றைப் பிடித்து நிறுத்தும் பாலங்களுக்குத் தடித்த எழுத்தில்தான் தாராளமாக இடம் உண்டு, சாய்வும் அங்கே தொல்லை தராது. இயந்திரத்தின் நேம்பிளேட்டுக்கு மட்டும் தடித்த சாய்வு வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறியபின் வரிசை எண்ணில் 3, 6, 8 மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். நடுத்தரக் கனத்தில் நிமிர்ந்த இலக்கங்களே சரி.