பட்டறையை மூடிவிடாதே

பாளையங்கோட்டை

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. வாரம் ஒருநாள் வானொலியில் வண்டி ரிப்பேர் பற்றிப் பேச உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று உங்கம்மா போனில் சொன்னாள். ரொம்ப சந்தோஷம்ப்பா. கூடவே, வண்ணார்பேட்டைப் பட்டறையைக் கைமாற்றிவிட்டு முழுசாக ரேடியோப் பக்கமே போய்விடலாமா என்று நீ யோசிப்பதாகவும் சொன்னாள். அதைக் கேட்டபிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

பட்டறையை மூடாதே. உன்னைக் குரலுக்காக யாரும் கூப்பிடவில்லை. பழைய புல்லட் ஒன்று தெருமுனையில் திரும்பும்போதே, தலையைக்கூடத் தூக்காமல், 'டேப்பெட் லூசு, கொண்டா' என்பாயே, அந்தக் காதுக்காகக் கூப்பிட்டார்கள். வானொலி கேட்கிறவருக்கும் காது ஒன்றுதான் துணை. ஸ்பானரை வைத்துவிட்டால் ஒரு வருஷத்தில் உனக்குச் சொல்ல விஷயம் இருக்காது.

நம்ம திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பரில் தொடங்கியது. 'இன்று ஒரு தகவல்' சொல்லி ஊர் உலகமெல்லாம் தெரிந்தவரான தென்கச்சி கோ. சுவாமிநாதன், சென்னைக்குப் போகுமுன் இங்கேதான் இருந்தார். விவசாயம் படித்தவர், கிராமத்து மனுஷர். அறிவிப்பாளர் மிடுக்கு அவரிடம் கிடையாது. இழுத்து இழுத்து, திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிதான் பேசுவார். 2009-ல் காலமானார், அந்தக் குரல் இன்னும் பலர் காதில் இருக்கிறது. நீயும் மைக்கைப் பார்த்ததும் 'வாகன ஓட்டுநர்களே' என்று ஆரம்பிக்காதே. 'சைலன்சர்ல புகை வருதா, என்ன கலர்ல வருது?' என்று பட்டறையில் கேட்பதுபோலவே கேள்.

அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் டாம், ரே மக்லியோஸி என்று அண்ணன் தம்பி இருவர். எம்.ஐ.டி.யில் படித்துவிட்டு 1973-ல் கார் பட்டறை போட்டவர்கள். 1977-ல் உள்ளூர் வானொலி ஒன்று சில மெக்கானிக்குகளைச் சேர்த்துப் பேச அழைத்தபோது, வந்தது டாம் ஒருவர்தானாம். அடுத்த முறை தம்பியையும் கூட்டிவந்தார். 'கார் டாக்' என்று அது 1987-ல் நாடு முழுக்கப் போய், 2012 வரை நடந்தது. போனில் கூப்பிடுகிறவர்கள் தங்கள் காரின் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுவார்கள். இவர்கள் அதைக் கேட்டு, சிரித்து, நோயைச் சொல்வார்கள். அவர்களிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. முன்பு கேள்வி கேட்டவரைச் சில சமயம் திரும்ப அழைத்து, 'நாங்கள் சொன்னது சரியாக இருந்ததா?' என்று நிகழ்ச்சியிலேயே கேட்பார்கள். தப்பாகியிருந்தால் அதுவும் ஒலிபரப்பாகும். நீயும் இதைச் செய். கேள்வி கேட்டவர்களைக் குறித்துவைத்து, நாலு வாரம் கழித்து விசாரி. உன் வாக்கை நம்பி ஒருவர் காசு செலவழிக்கிறார், ஞாபகம் இருக்கட்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. சிந்துபூந்துறை, கைலாசபுரம் எல்லாம் ஆறாகக் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் எத்தனை பேர் ஆசையாகப் போய் செல்ஃபை அமுக்கினார்கள்! காற்றை பிஸ்டன் அமுக்கும். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்று, கிக்கரை மெதுவாக மிதித்துத் தண்ணீரை வெளியே தள்ளு, ஏர் ஃபில்டரைப் பார், ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் மாற்று என்று அந்த வாரம் பட்டறை வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாயே. அன்றைக்கு அது ரேடியோவில் போயிருந்தால் எத்தனை என்ஜின் தப்பித்திருக்கும்!

அப்புறம் உன் மற்ற கிறுக்குகள். கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டில் குடம் அடிக்கப் போவது, வால்வு ரேடியோக்களைத் தேடிப்பிடித்து உயிர்கொடுப்பது, மணிமுத்தாறு அகத்தியமலை இயற்கைவள காப்பு மையத்தார் 2011-லிருந்து நடத்துகிற தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்குப் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. இதெல்லாம் பிழைப்பைக் கெடுக்கும் என்று உங்கப்பா திட்டுவார், நான் திட்டமாட்டேன். குளத்தங்கரையில் கண்ணுக்குத் தெரியாத பறவையைக் கூப்பாட்டை வைத்துச் சொல்வதும், குடத்தில் தாளம் பிசகினால் சட்டென்று தெரிவதும், என்ஜினில் மிஸ்ஃபயர் பிடிப்பதும் ஒரே காதின் வேலைதானே? அவற்றையும் நிகழ்ச்சிக்குள் கொண்டுவா. வண்டியே இல்லாத ஆச்சிமார்களும் உட்கார்ந்து கேட்பார்கள்.

இரண்டு விஷயம் மட்டும். எந்தக் கம்பெனி ஆயிலையும் பெயர் சொல்லிப் புகழாதே, ஓசியில் டின் கொடுத்தாலும் வாங்காதே. பக்கத்துப் பட்டறைக்காரரின் வேலையைக் குறை சொல்லியும் பேசாதே. அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

ஐப்பசி மழைக்கு முன்னாலேயே முதல் நிகழ்ச்சி வருகிறதென்றால், தண்ணீர் புகுந்த வண்டியை எப்படிப் பார்ப்பது என்பதையே எடுத்துக்கொள். ஒலிப்பதிவுக்குப் போகும்போது உன் போனில் நாலைந்து என்ஜின் சத்தங்களைப் பதிந்து கொண்டுபோ. நல்ல என்ஜின் சத்தம் முதலில், கெட்டது பிறகு. நேரம் தெரிந்ததும் மாமாவுக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
மாமா