மெனு எந்த மொழியில்?

கேள்வி: நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 வாங்க ஒரு வருடமாகப் பணம் சேர்க்கிறேன். அதன் ஆன்லைன் வசதிகள்மேல்தான் ஆசை. அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போய் வாங்கிவிடட்டுமா?
– சிப்காட் ஊழியர் ஒருவர், ஓசூர்

பதில்: உங்கள் ஆசை நியாயமானது. 2025 ஜூன் 5-ல் வெளிவந்த இந்த விளையாட்டுக் கருவியில் ‘சி’ பட்டனைத் தட்டினால் கேம்சாட் திறக்கும். ஆடிக்கொண்டே 12 பேர் வரை பேசலாம். வெவ்வேறு ஷிப்டில் சிக்கி, சந்திக்கவே முடியாத நண்பர்களுக்கு இது பெரிய வரம். 2026 மார்ச் 31 வரைதான் இலவசம் என்று அறிவித்தார்கள். அதன்பின் ஆன்லைன் சந்தா கட்ட வேண்டும்.

ஆனால், நிண்டெண்டோ இதை இந்தியாவில் அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. கடைகளில் இருப்பது வெளிநாட்டுச் சரக்கு. இங்கேதான் கவனம் வேண்டும். ஜப்பானில் இரண்டு வகை விற்கிறார்கள். 2025-ல் வெளிவந்தபோது 49,980 யென் விலையிருந்த மலிவு வகையில் மெனு முழுக்க ஜப்பானிய மொழி. நாடு ஜப்பான் என்று பதிவான நிண்டெண்டோ கணக்கு மட்டுமே அதில் சேரும். பல மொழி வகை அப்போது 69,980 யென். விலை குறைவு என்று யாராவது நீட்டினால், அது ஜப்பானிய மொழி வகையோ என்று முதலில் சந்தேகியுங்கள். நீங்கள் ஆசைப்படும் ஆன்லைன் வசதியே அதில் தடைப்படும்.

இன்னொன்று: இந்தக் கருவியின் கேம்களைப் பழைய மைக்ரோ எஸ்டி கார்டில் சேமிக்க முடியாது; மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டு தேவை. அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையிலேயே கருவியை ஆன் செய்து, மொழிப் பட்டியலில் ஆங்கிலம் இருப்பதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.