ஒரே சர்க்யூட், இரண்டு குரல்

கேள்வி: ஃபெண்டர் பாஸ்மேனைப் பார்த்துத்தான் மார்ஷல் தன் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தது என்கிறார்களே. பிறகு ஏன் இரண்டும் வேறுவிதமாக ஒலிக்கின்றன?

பதில்: பார்த்துச் செய்தது உண்மை. 1962 வாக்கில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜேடிஎம்45, 5எஃப்6-ஏ பாஸ்மேனின் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே பின்பற்றியது. ஆனால் முதல் கட்டத்தில் பாஸ்மேனில் இருந்தது 12ஏஒய்7 வால்வு. அதன் பெருக்கத்திறன் எண் 44. மார்ஷல் போட்ட இசிசி83-க்கு அது 100. கிட்டாரின் சிக்னல் தொடக்கத்திலேயே கூடுதலாக வளர்வதால், அடுத்த கட்டங்கள் சீக்கிரமே திணறுகின்றன. அலையின் உச்சிகள் மழுங்கிப் புது ஒத்திசைகள் பிறக்கின்றன. ராக் இசைக்காரர்கள் உயிராய் நேசிக்கும் கரகரப்பு அதுதான்.

ஸ்பீக்கரை மறந்துவிடாதீர்கள். பாஸ்மேனில் பின்புறம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள். மார்ஷலில் மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலஸ்டியன்கள். என் கணிப்பில் பாதி வித்தியாசம் இங்கேதான்.

சோதிக்க விரும்பினால் முதல் வால்வை மட்டும் 12ஏஒய்7-ஆக மாற்றிக் கேளுங்கள்; அதே சாக்கெட்டில் பொருந்தும். மின்சாரத்தை அணைத்து, வால்வு ஆறிய பிறகே கை வையுங்கள்.